மூச்சு வாங்காது... ஆனா ஆக்சிஜன் குறையும்! கொரோனா உடம்புக்குள் என்ன செய்கிறது? முழு விளக்கம்

காய்ச்சல் விட்டாச்சு, இருமலும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். 'அப்பாடா, தேறிட்டார்'னு வீட்டில் எல்லோரும் நினைக்கிற அந்த ஏழாவது, எட்டாவது நாளில்தான் கோவிட்-19 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நிலைமை திடீரென மோசமானது. 2020, 2021 ஆண்டுகளில் தாமதமாக மருத்துவமனைக்கு வந்த பலரிடம் மருத்துவர்கள் கண்டது இதைத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைஞ்சிருக்கும், ஆனால் நோயாளிக்கு அது தெரிஞ்சே இருக்காது.

பெரிய நகரத்தில் இருப்பவருக்கு பத்து நிமிடத்தில் ஆக்சிஜன் வசதி கிடைக்கும். விருதுநகர் மாவட்டம் எம்.ரெட்டியபட்டி போன்ற மானாவாரி ஊர்களில் கதையே வேறு. முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை, அதற்கும் மேல் தேவைப்பட்டால் விருதுநகர் அல்லது மதுரை. அருப்புக்கோட்டையில் இருந்து விருதுநகர் சுமார் 20 கிலோமீட்டர், மதுரை சுமார் 50 கிலோமீட்டர். 'எப்போ கிளம்பணும்' என்ற முடிவை மருத்துவருக்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவை எடுக்க இந்த நோயைப் பற்றி என்னென்ன தெரிஞ்சிருக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எப்போ, எங்கே ஆரம்பிச்சது?

சீனாவின் வூகான் நகரில் காரணம் தெரியாத நிமோனியா பரவுவது குறித்த தகவல் 2019 டிசம்பர் 31 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைத்தது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் அந்தக் கிருமியின் மரபணு வரிசை வெளியானது. 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் தொற்று கேரளாவின் திருச்சூரில், வூகானில் இருந்து திரும்பிய மருத்துவ மாணவி ஒருவருக்கு உறுதியானது. பிப்ரவரி 11 அன்று நோய்க்கு 'கோவிட்-19' என்றும், வைரஸுக்கு 'சார்ஸ்-கோவ்-2' என்றும் பெயர் வைக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. ஓமனில் இருந்து வந்த காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவர் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்று குணமானார். தமிழ்நாட்டின் முதல் மரணம் மார்ச் 25 அதிகாலை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பதிவானது. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய அதே நாள் அது. இறந்தவர் 54 வயது மதுரைக்காரர். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை அவருக்கு இருந்ததாக அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர் தெரிவித்தார்.

இந்த வைரஸ் யாரை அதிகம் வீழ்த்தும் என்பதற்கு அந்த முதல் மரணமே ஓர் அடையாளமாக இருந்தது. அதன்பிறகு தமிழ்நாட்டில் அதிகாரப்பூர்வ கணக்கின்படி மட்டும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த நோயால் உயிரிழந்தார்கள்.

இது என்ன வைரஸ்?

கொரோனா என்பது ஒரே ஒரு வைரஸின் பெயர் இல்லை, அது ஒரு குடும்பம். மனிதர்களைத் தாக்கும் கொரோனா வைரஸ்களில் ஏழாவதாகக் கண்டறியப்பட்டது சார்ஸ்-கோவ்-2. ஏற்கெனவே இருந்த ஆறில் நான்கு சாதாரண சளி, ஜலதோஷத்தோடு போய்விடும். மற்ற இரண்டு ஆபத்தானவை. ஒன்று 2002-03ல் பரவிய சார்ஸ், இன்னொன்று 2012ல் கண்டறியப்பட்ட மெர்ஸ்.

இந்த வைரஸுக்குள் இருப்பது சுமார் 30 ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. மேலே கொழுப்பு உறை. அந்த உறையில் ஆணி அடித்தது போல் துருத்திக்கொண்டு நிற்பவை 'ஸ்பைக்' புரதங்கள். சோப்பு போட்டுக் கை கழுவச் சொன்னதற்குக் காரணம் இந்தக் கொழுப்பு உறைதான். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது மாதிரியே சோப்பு இந்த உறையையும் உடைத்துவிடும். உறை போனால் வைரஸும் செயலிழந்துவிடும்.

உடம்புக்குள் எப்படி நுழையுது?

நம் மூக்கு, தொண்டை, நுரையீரல் செல்களின் மேல் 'ஏ.சி.இ.2' என்ற புரதம் இருக்கிறது. அதை ஒரு பூட்டு என்று வைத்துக்கொண்டால், ஸ்பைக் புரதம் அதற்குச் சரியாகப் பொருந்தும் சாவி. பூட்டைத் திறந்து உள்ளே போகும் வைரஸ், அந்த செல்லையே தன்னைப் பிரதி எடுக்கும் பட்டறையாக மாற்றிவிடுகிறது. ஒரு செல்லில் இருந்து கிளம்பும் புது வைரஸ்கள் பக்கத்து செல்களுக்குப் போகின்றன.

மூக்கிலும் தொண்டையிலுமே இது அடங்கிவிட்டால் சளி, தொண்டை வலி, காய்ச்சலோடு முடியும். கீழே இறங்கி நுரையீரலின் காற்றுப்பைகளுக்குப் போனால்தான் சிக்கல். அந்தச் சின்னச் சின்னக் காற்றுப்பைகளின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகிறது. அந்தச் சுவர் வீங்கி, பைக்குள் நீர் கோர்த்துக்கொண்டால் மூச்சை இழுத்தாலும் ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போய்ச் சேராது. நிமோனியா என்று சொல்வது இதைத்தான்.

எப்படிப் பரவுது?

தொற்று உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, சத்தமாகப் பேசும்போது, ஏன் சும்மா மூச்சு விடும்போதும்கூட வைரஸ் கலந்த நுண்துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளிகள் சில அடி தூரத்தில் கீழே விழுந்துவிடும். மிகச் சிறியவை, காற்றோட்டம் இல்லாத அறையில் நீண்ட நேரம் மிதக்கும். திறந்தவெளியில் களை எடுக்கும் இடத்தைவிட, ஜன்னல் சாத்திய மினி பஸ், கல்யாண மண்டபம், கூட்டமான துக்க வீடு, அடைத்த அறைக்குள் இயங்கும் விசைத்தறிக் கூடம் போன்ற இடங்களில்தான் பரவல் அதிகம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் மற்றவருக்குப் பரப்பலாம். அறிகுறியே இல்லாமல் பரப்புபவர்களும் உண்டு. 'எனக்குத்தான் ஒண்ணுமில்லையே' என்பது இந்த நோயில் உத்தரவாதம் ஆகாது.

எத்தனை நாளில் அறிகுறி வரும்?

ஆரம்ப காலத்து வைரஸில், தொற்றிய நாளில் இருந்து சராசரியாக 5 நாள், அதிகபட்சமாக 14 நாளுக்குள் அறிகுறி வந்தது. 14 நாள் தனிமைப்படுத்தல் என்ற கணக்கு இதிலிருந்து பிறந்ததுதான். 2021 நவம்பரில் பெயரிடப்பட்ட ஒமைக்ரான் வகையில் இந்த இடைவெளி சுமார் 3 நாளாகச் சுருங்கியது.

பொதுவான அறிகுறிகள்: காய்ச்சல், வறட்டு இருமல், தொண்டை வலி, தலைவலி, உடம்பு வலி, கைகால் அசதி. சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும். மூக்கடைப்பே இல்லாமல் வாசனையும் ருசியும் காணாமல் போவது ஆரம்பகால வைரஸின் தனி அடையாளமாக இருந்தது. ஒமைக்ரானுக்குப் பிறகு அது குறைந்து, தொண்டை வலியும் மூக்கு ஒழுகுவதும் முன்னுக்கு வந்துவிட்டன.

வயதானவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அவர்களுக்குக் காய்ச்சலே வராமல் இருக்கலாம். சாப்பாடு இறங்காமல் போவது, எழுந்திருக்க முடியாத சோர்வு, திடீர்னு பேச்சு குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். 'தாத்தாவுக்கு மேலுக்கு முடியல, வயசாச்சுல்ல' என்று விட்டுவிடக் கூடாத இடம் இது.

எல்லாருக்குமே ஆபத்தா?

இல்லை. 2020 பிப்ரவரியில் சீன நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட, 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுதியான நோயாளிகளின் விவரங்களில் 81 சதவீதம் பேருக்கு லேசான பாதிப்பு, 14 சதவீதம் பேருக்குத் தீவிர பாதிப்பு, 5 சதவீதம் பேருக்கு உயிருக்கு ஆபத்தான நிலை என்று பதிவானது. தடுப்பூசியும் முந்தைய தொற்றால் வந்த எதிர்ப்பு சக்தியும் சேர்ந்த பிறகு தீவிர பாதிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சிறு பங்கில் யார் வருவார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆபத்து அதிகம் உள்ளவர்கள்:

60 வயதைத் தாண்டியவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் உள்ளவர்கள். உடல் பருமன் உள்ளவர்கள். கர்ப்பிணிகள். ஏற்கெனவே நுரையீரல் பாதிப்பு உள்ளவர்கள்.

கடைசியாகச் சொன்னது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு நெருக்கமான விஷயம். சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் தொழில் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. மூட்டப் புகையில் வருஷக்கணக்கில் நிற்பவர்கள், விறகடுப்பில் சமைக்கும் பெண்கள், நூற்பாலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்கள், பீடி பிடிப்பவர்கள் ஆகியோரின் நுரையீரலுக்கு ஏற்கெனவே கையிருப்பு குறைவு. மற்றவர் தாங்கும் அதே நிமோனியாவை இவர்களால் தாங்க முடியாமல் போகலாம்.

அதேபோல் சர்க்கரை இருப்பதே தெரியாமல் நடமாடுபவர்களும் கிராமங்களில் அதிகம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதில் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. அந்த மாத்திரைகளை ஒழுங்காகப் போடுவதும் கொரோனாவுக்கு எதிரான தற்காப்புதான். காய்ச்சல் வந்த நேரத்தில் மருத்துவரைக் கேட்காமல் பிரஷர் மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ நிறுத்தக் கூடாது.

நாள் கணக்கு ஏன் முக்கியம்?

கொரோனாவில் 'எத்தனையாவது நாள்' என்பது மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. இருமலோ, காய்ச்சலோ, உடம்பு வலியோ எது முதலில் வந்ததோ அதுதான் முதல் நாள். பரிசோதனை முடிவு வந்த நாள் முதல் நாள் கிடையாது.

முதல் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை: வைரஸ் பெருகும் காலம். காய்ச்சல், வலி, சோர்வு இருக்கும். பெரும்பாலானோர் இதோடு மீண்டுவிடுவார்கள்.

ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை: கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டிய காலம். மூச்சுத்திணறல் வருபவர்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 நாளுக்குள்தான் அது தொடங்குகிறது. நுரையீரல் மோசமாகச் செயலிழப்பது 8 முதல் 12 நாளுக்குள் நடக்கிறது. இந்தக் கட்டத்தில் வைரஸைவிட, அதை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி அளவு மீறிப் போவதுதான் பெரிய சேதத்தை உண்டாக்குகிறது. ரத்தக் குழாய்களுக்குள் ரத்தம் உறையும் ஆபத்தும் இப்போதுதான் அதிகம்.

காய்ச்சல் முதல் வாரத்திலேயே விட்டுவிட்டாலும் பத்து நாள் முடியும்வரை கண்காணிப்பை விடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

'அமைதியான ஆக்சிஜன் குறைவு' என்றால் என்ன?

பொதுவாக நமக்கு மூச்சு முட்டும் உணர்வு வருவது, ஆக்சிஜன் குறைவதால் என்பதைவிட ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதால்தான். கொரோனா நிமோனியாவின் ஆரம்பத்தில் ஆக்சிஜன் உள்ளே போவது தடைபடும். கரியமில வாயு மட்டும் வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்கும். மூளைக்கு அபாய மணி அடிக்காது. ஆக்சிஜன் அளவு 85க்கு இறங்கிய பிறகும் போனில் பேசிக்கொண்டு இருந்த நோயாளிகள் உலகம் முழுவதும் பார்க்கப்பட்டார்கள்.

அதனால்தான் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் முக்கியமானது.

95 முதல் 100 வரை: இயல்பு.

94: கவனம். அரை மணி நேரத்தில் மறுபடி பாருங்க. மருத்துவரிடம் பேசுங்க.

90 முதல் 93 வரை, அல்லது நிமிடத்துக்கு 24 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு: மிதமான பாதிப்பு. மருத்துவமனையில் சேர வேண்டும்.

90க்குக் கீழே, அல்லது நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு: தீவிர பாதிப்பு. உடனே 108.

ஏற்கெனவே நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இயல்பு அளவே குறைவாக இருக்கலாம். அவர்கள் தங்கள் மருத்துவரிடம் தங்களுக்கான அளவைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆக்சிமீட்டரை எப்படிப் பார்க்கணும்?

ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பார்க்கணும். கை சில்லுன்னு இருந்தா தேய்ச்சுச் சூடாக்கிக்கணும். நகச்சாயம், அடர்த்தியான மருதாணி இருக்கும் விரலைத் தவிர்க்கணும். எண் ஓரிடத்தில் நிற்கும்வரை, குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருக்கணும்.

இன்னொன்றும் கவனிக்கணும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. வெயில்காட்டில் உழைத்து நிறம் கறுத்த நம் ஊர்க்காரர்களுக்கு 94 காட்டினால், 'இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவதைவிட மருத்துவரிடம் காட்டுவதே பாதுகாப்பு.

ஒரே ஒரு முறை பார்க்கும் எண்ணைவிட, நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பது முக்கியம். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை பார்த்து ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். இன்னும் துல்லியமாகத் தெரிய ஆறு நிமிட நடை சோதனை உதவும். அளவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்து, மறுபடி பார்க்க வேண்டும். 3 புள்ளிக்கு மேல் குறைந்தாலோ, 93க்குக் கீழே போனாலோ மருத்துவமனை. உட்கார்ந்த நிலையிலேயே மூச்சு வாங்குபவர் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

கருவியே இல்லைன்னா?

நோயாளிக்குத் தெரியாமல் அவர் நெஞ்சோ வயிறோ ஒரு முழு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்க. 24ஐத் தொட்டால் கிளம்ப வேண்டியதுதான். ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்க. உதடு, நகம் நீலம் பாய்ந்திருந்தாலோ, நெஞ்சை அழுத்துவது போல் இருந்தாலோ, ஆள் மயங்கி மயங்கி விழித்தாலோ எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், நேரே 108க்கு போன் போடுங்க.

என்ன பரிசோதனை செய்வாங்க?

முதன்மையானது ஆர்.டி.பி.சி.ஆர். மூக்கு, தொண்டையில் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியில் வைரஸின் மரபணுத் துணுக்கைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிவு தரும் ஆன்டிஜென் சோதனையும் உண்டு. அதில் 'இருக்கு' என்று வந்தால் நம்பலாம். 'இல்லை' என்று வந்து அறிகுறி மட்டும் தொடர்ந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். அவசியம். மாதிரியைச் சீக்கிரமாகவோ, சரியாகவோ எடுக்காவிட்டால் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையிலும் தவறான 'நெகட்டிவ்' வரலாம்.

சி.டி. ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. ஆக்சிஜன் குறைபவர்களுக்கு நுரையீரலில் கண்ணாடியைத் தேய்த்தது போன்ற வெண்திட்டுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்க்க அது உதவும்.

சிகிச்சை என்ன?

லேசான பாதிப்புக்கு ஓய்வு, நிறையத் தண்ணீர், கஞ்சி, மோர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். அவ்வளவுதான். 'ஊசி போட்டா சரியாயிடும்', 'குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்பதால் நோய் சீக்கிரம் போகாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் பாக்டீரியாவுக்கானவை, வைரஸை ஒன்றும் செய்யாது.

ஆக்சிஜன் தேவைப்படுபவர்களுக்கு உயிர் காக்கும் மருந்து என்று 2020 ஜூனில் உறுதியானது, மிக மலிவான ஒரு ஸ்டீராய்டு. பெயர் டெக்ஸாமெத்தசோன். பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் மெடிக்கலில் தானாக ஸ்டீராய்டு வாங்கிப் போடுவது ஆபத்து. அது சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். 2021 இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்ததே முக்கியக் காரணங்களாகப் பார்க்கப்பட்டன. கண்ணைச் சுற்றி வீக்கம், ஒரு பக்க முகவலி, மூக்கில் கருப்பாக நீர் வடிவது அதன் எச்சரிக்கைகள்.

ஆரம்பத்தில் நம்பிக்கையாகப் பேசப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பலன் தரவில்லை. பிளாஸ்மா சிகிச்சையை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்தது. மரணத்தையோ நோய் தீவிரமாவதையோ அது குறைக்கவில்லை. 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையில் இருந்து அது நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீர் பரவலாக வழங்கப்பட்டது. சித்த மருத்துவர் ஆலோசனையோடு அதைக் குடிப்பது அவரவர் விருப்பம். ஆனால் ஆக்சிஜன் குறையும் நேரத்தில் எந்தக் கஷாயமும் ஆக்சிஜனுக்கு மாற்று இல்லை. ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம், வைரஸைக் கொல்லாது. குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைத்து வெந்நீர் கொட்டும் விபத்தையும் மறக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்யலாம்?

நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கலாம். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சு முதல் மேல்தொடை வரையுள்ள பகுதிக்கு ஒன்று அல்லது இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருப்பதால் குப்புறப் படுக்கும்போது அந்தப் பகுதி விரிந்து காற்று நன்றாகப் போகும். ஆக்சிஜன் அளவு சில புள்ளிகள் ஏறலாம். ஏறிவிட்டதே என்று பயணத்தை மட்டும் ரத்து செய்யாதீங்க.

கர்ப்பிணிகள், தீவிர இதய நோயாளிகள், முதுகெலும்புப் பிரச்னை உள்ளவர்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாதவர்கள் குப்புறப் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம். அறை ஜன்னலைத் திறந்து வைங்க, சுற்றிக் கூட்டம் கூட வேண்டாம். நோயாளி போடும் மாத்திரைச் சீட்டும், ஆக்சிஜன் அளவு குறித்த நோட்டும் கையோடு போகட்டும்.

குழந்தைகளுக்கு?

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது லேசான காய்ச்சலோடு போய்விடும். ஆனால் மூச்சை எண்ணத் தெரிந்திருப்பது நல்லது. நிமிடத்துக்கு 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமூச்சு. பால் குடிக்காமல் இருப்பது, விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, அசைவில்லாமல் துவண்டு கிடப்பது அவசர அறிகுறிகள்.

அபூர்வமாக, தொற்று முடிந்து 2 முதல் 6 வாரத்தில் சில குழந்தைகளுக்கு விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தோல் தடிப்பு, வயிற்று வலி வரலாம். பல உறுப்புகளைப் பாதிக்கும் அழற்சி அது. இதயத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனை.

ஒரே அறை வீட்டில் தனிமைப்படுத்துவது எப்படி?

'தனி அறை, தனிக் கழிவறை' என்ற அறிவுரை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அப்படி வசதி இல்லாத இடத்தில் காற்றோட்டமே முதல் மருந்து. பகலில் திண்ணையிலோ, வேப்பமர நிழலிலோ நோயாளி இருக்கலாம். ராத்திரி ஜன்னல் பக்கம் படுக்கலாம். நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் இருவருமே முகக்கவசம் போட வேண்டும். ஒருவர் மட்டும் பணிவிடை செய்தால் போதும், அவர் வயதானவராகவோ சர்க்கரை உள்ளவராகவோ இல்லாமல் இருப்பது நல்லது. அடுப்புப் புகை நோயாளி இருக்கும் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளணும்.

குணமான பிறகும் அசதியா?

தொற்று தொடங்கி மூன்று மாதத்துக்குப் பிறகும் சோர்வு, மூச்சிரைப்பு, மறதி போன்றவை குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, அதற்கு வேறு காரணம் இல்லை என்றால் அதை 'நீள் கோவிட்' என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவரால் பழையபடி மண்வெட்டி பிடிக்க முடியவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் மிச்சம். மூச்சுப் பயிற்சி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் நடை ஆகியவற்றால் பலர் தேறுகிறார்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது இருந்தால் எல்லாவற்றையும் கொரோனா மேல் போட வேண்டாம். காசநோயாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம்.

தடுப்பூசி என்ன செய்தது?

இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் அதைத் தொடங்கி வைத்த இடம், முதல் மரணம் பதிவான அதே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. கோவிஷீல்டு, கோவாக்சின் ஆகிய இரண்டும் முதலில் பயன்பாட்டுக்கு வந்தன. தடுப்பூசி போட்டவர்களுக்கும் தொற்று வரலாம். ஆனால் நுரையீரல் வரை போய் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு பெருமளவு குறைகிறது.

இப்போ என்ன நிலைமை?

2023 மே 5 அன்று உலக சுகாதார அவசரநிலை முடிவுக்கு வந்தது. வைரஸ் முடிவுக்கு வரவில்லை. 2025 மே, ஜூன் மாதங்களில் இந்தியாவில் மறுபடி தொற்று ஏறியது. அப்போது பேசப்பட்ட என்.பி.1.8.1 வகையை மே 23 அன்று உலக சுகாதார நிறுவனம் 'கண்காணிப்பில் உள்ள வகை' பட்டியலில் சேர்த்தது. இதுவும் ஒமைக்ரான் வழி வந்ததுதான், பெரும்பாலானோருக்கு லேசான பாதிப்பே ஏற்பட்டது.

2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. வைரஸ் குறித்துப் பரபரப்பு எழுந்ததும், சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்கு அது உறுதியானதும் பலருக்கு நினைவிருக்கும். அது புது வைரஸ் இல்லை, 2001ல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. ஃப்ளூ, எச்.எம்.பி.வி., கொரோனா மூன்றையும் அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். மூன்றிலுமே வீட்டில் கவனிக்க வேண்டியது மூச்சையும் ஆக்சிஜன் அளவையும்தான்.

2020ல் இல்லாத வசதிகள் சில இப்போது விருதுநகர் மாவட்டத்துக்கு வந்துள்ளன. 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்த 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. ஆனாலும் எம்.ரெட்டியபட்டியில் இருந்து அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரம் எடுக்கத்தான் செய்யும். அந்த நேரத்தைக் கணக்கில் வைத்து, எண் 93ஐத் தொட்டதும் கிளம்பிடுங்க. 88 ஆகட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

சந்தேகங்களுக்கு 104 இலவச உதவி எண்ணையும், அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸையும் அழைக்கலாம்.